அணைமேல் பறந்தது எது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தாய்மாமாவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. போன காய்ப்பில் காவலுக்குப் போனவர், பொழுது சாய்ந்து இருட்டும் நேரத்தில் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் பெரிதாக ஏதோ பறந்ததைப் பார்த்திருக்கிறார். “மூக்கு ஒரு முழம் இருக்கும், றெக்கையில இறகே இல்ல, வெறும் தோலு” என்கிறார். மாமா குடிக்கிறவரும் இல்லை, கதை விடுகிறவரும் இல்லை. ஏழாவது படிக்கும் என் மகன், அது டைனோசர் காலத்தில் வானத்தில் பறந்து அழிந்துபோன டெரோசர்தான் என்று அடித்துச் சொல்கிறான். பாப்புவா நியூ கினியில் ‘ரோபென்’, ஆப்பிரிக்காவில் ‘கோங்கமாட்டோ’ என்று இன்றைக்கும் அதைப் பார்க்கிறவர்கள் இருப்பதாக யூடியூபில் காட்டுகிறான். அழிந்துபோனதாக நினைத்த சீலகாந்த் மீன் 1938-இல் உயிரோடு வந்ததே, இது மட்டும் ஏன் வரக்கூடாது? அல்லது விஞ்ஞானிகள் மறைக்கிறார்களா?

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

மாமா பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் பார்த்தது ஒன்றா இரண்டா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முழ நீள மூக்கு என்றால் முதலில் கூழைக்கடாவைத்தான் நினைக்க வேண்டும். இறக்கையை விரித்தால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு மீட்டருக்கு மேல் வரும். நாலு தடவை மெதுவாக அடித்துவிட்டு அப்படியே மிதந்து போகும். அலகுக்குக் கீழே தொங்கும் பை வெறும் தோல்தான். அந்த வெளிச்சத்தில் அதன் சாம்பல் இறகு இறகாகத் தெரியாது. தோல் இறக்கைக்கு இன்னொரு ஆளும் இருக்கிறது: பழந்தின்னி வௌவால். நாலடி அகல இறக்கையோடு, மாம்பழம் பழுக்கும் காலத்தில் உங்கள் மாமா தோப்புக்கு அழையாமல் வருகிற விருந்தாளி. கூழைக்கடா அடையப் போவதும் வௌவால் கிளம்புவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான். ஒன்றின் மூக்கும் இன்னொன்றின் இறக்கையும் மனசுக்குள் ஒட்டிக்கொள்ள அது போதும்.

தோப்போரத்து மின்கம்பியில் வௌவால் செத்துத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பையனைக் கூட்டிப்போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள். குடைக்கம்பி மாதிரி நாலு விரல்கள் நீண்டு அந்தத் தோலைத் தாங்கியிருக்கும், கட்டைவிரல் மட்டும் தனியாகக் கொக்கி போல நிற்கும். டெரோசருக்கு அப்படி இல்லை. நாலாவது விரல் ஒன்றே கை நீளத்துக்கு வளர்ந்து மொத்த இறக்கையையும் தாங்கியது. மற்ற மூன்று விரல்களும் நகத்தோடு முன்னால் சும்மா இருந்தன. பறவை, வௌவால், டெரோசர் மூன்றும் தனித்தனியாகப் பறக்கக் கற்றவை. ஒன்றுக்கு இன்னொன்று வாரிசு இல்லை. டைனோசர் இன்னும் அழியவில்லை என்று உங்கள் மகன் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன், வீட்டுக் கோழி அந்த வம்சம்தான். ஆனால் டெரோசர் வேறு வம்சம், அது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே யாரும் மிஞ்சாமல் அழிந்துவிட்டது.

சரி, சீலகாந்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் பலமான வாதம் அதுதான். தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் என்ற ஊரில் சின்ன அருங்காட்சியகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த மார்ஜரி கர்ட்னி-லாட்டிமர், 1938 டிசம்பரில் மீன்பிடிப் படகில் வந்த குவியலில் விசித்திரமான ஒரு மீனைக் கண்டார். என்ன மீன் என்று தெரியவில்லை. படம் வரைந்து ஜே.எல்.பி. ஸ்மித் என்ற மீன் ஆய்வாளருக்குத் தபாலில் அனுப்பினார். மறு ஆண்டே ஸ்மித் அந்த மீனுக்கு லாட்டிமரின் பெயரையே வைத்து உலகத்துக்கு அறிவித்தார். யாராவது எதையாவது மறைத்தார்களா? போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். கொமோரோ தீவு மீனவர்கள் அதற்கு முன்பே தூண்டிலில் அதைப் பிடித்து, தங்கள் மொழியில் ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். நூறு மீட்டருக்கும் கீழே, பாறைக் குகைகளில் பகலெல்லாம் கிடக்கும் மீன் அது. நாம் போய்ப் பார்க்காத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். வானத்தில் பறக்கிற பிராணிக்கு அந்த வசதி கிடையாது.

அந்த மீனின் புதைபடிமமும் கடைசி 6.6 கோடி ஆண்டுகளின் பாறைகளில் கிடைக்காமல்தானே இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எலும்பு கிடைக்கவில்லை என்பதால் மட்டும் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜெர்மனியில் மெசல் என்ற இடத்தைப் பாருங்கள். சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஏரி அது. அதன் அடிச்சேற்றில் வௌவால்கள் வயிற்றில் தின்ற பூச்சியோடு கிடைத்திருக்கின்றன, பறவைகள் இறகோடு கிடைத்திருக்கின்றன. ஏரிமேல் பறந்தவை விழுந்து அப்படியே படிந்துவிட்டன. அந்தக் கூட்டத்தில் ஒரு டெரோசர்கூட இல்லை. அதே ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில், சுமார் 15 கோடி ஆண்டு பழைய அடுக்கில், டெரோசர் எத்தனையோ கிடைத்திருக்கின்றன. ஆக, எலும்பு மெல்லிசு, அதனால் படியவில்லை என்ற சமாதானமும் செல்லாது.

இன்னொன்று, தனியாக ஒரு டெரோசர் தப்பிப் பிழைத்திருக்க முடியாது. கூட்டம் வேண்டும், முட்டை வேண்டும். சீனாவில் ஹாமி என்ற இடத்தில் 200-க்கும் மேற்பட்ட டெரோசர் முட்டைகள் ஒரே பாறையில் கிடைத்தன. கூட்டமாக முட்டையிட்டவை என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கர்நாடகாவின் கொக்கரெபெல்லூரில் கூழைக்கடா கூடு கட்டினால் ஊரே பார்க்கிறது. டெரோசர் கூடு கட்டினால் மட்டும் யார் கண்ணிலும் படாதா?

ரோபென், கோங்கமாட்டோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாப்புவாவில் பெரிய பழந்தின்னி வௌவால்கள் நிறைய. எனக்கு வேடிக்கையாக இருப்பது வேறு. நம் காலத்து ‘நேரில் பார்த்தவர்கள்’ பலர் வழவழத்த மொட்டைத்தோல் பூதத்தைத்தான் விவரிக்கிறார்கள். அது பழைய ஓவியங்களில் வரைந்த டெரோசர். புதைபடிமங்களிலோ உடம்பு முழுக்க ரோமம் போன்ற இழைகள் தெரிகின்றன. நிஜத்தைப் பார்த்தவர் ரோமத்தைச் சொல்லியிருப்பார்.

பையன் சுத்தியலோடு உங்கள் ஊர்க் குன்றுக்குக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பாறைகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டு பழையவை. எலும்புள்ள உயிர் எதுவும் தோன்றாத காலம், அதில் புதைபடிமம் கிடைக்காது. விடுமுறையில் அரியலூருக்குக் கூட்டிப்போங்கள். டெரோசர் வானத்தில் பறந்த காலத்துக் கடலடிச் சேறு அங்கே தரைமேலேயே கிடக்கிறது. வாரணவாசியில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

அப்புறம் மாமாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: பறக்கும்போது கழுத்து முன்னால் நீண்டிருந்ததா, மடங்கித் தோளோடு ஒட்டியிருந்ததா? நீண்டிருந்தால் மஞ்சள் மூக்கு நாரையாகவும் இருக்கலாம். மடங்கியிருந்தால் கூழைக்கடா.