ஐடி கார்டை மாற்றினால் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். அடையாள ஆவணம் இன்னும் பழைய பச்சை ஐடி புக்தான். வாடகை வீடு பார்க்கும்போது அதைப் படம் எடுத்து ஒரு ஏஜெண்டுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் அந்த ஆள் போனே எடுப்பதில்லை. ஸ்மார்ட் ஐடி கார்டு வாங்கிவிட்டால் கவலை விட்டதா?

பதில்: கார்டை வாங்குங்கள், நல்லதுதான். பச்சைப் புத்தகத்தில் படத்தைப் பிய்த்து வேறு முகத்தை ஒட்டிவிடுவார்கள். 2013இல் வந்த ஸ்மார்ட் கார்டில் அது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் கார்டு மாறினாலும் அம்மாவின் 13 இலக்க எண் அதேதான். அதில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த நான்கு ஆணா பெண்ணா என்று காட்டும். நாளை யாராவது போனில் "பேங்கிலிருந்து பேசுகிறோம்" என்று அம்மாவின் பிறந்த தேதியைச் சரியாகச் சொன்னால், அதை வைத்து நம்பிவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

கார்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மோசடியைத் தடுக்கும் அமைப்பான சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃபிராட் பிரிவென்ஷன் சர்வீஸில் 'புரொடெக்டிவ் ரிஜிஸ்ட்ரேஷன்', அதாவது பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள். இலவசம். அந்த எண்ணில் யாராவது கடனோ கடை அக்கவுண்டோ கேட்டால், அங்கு உறுப்பினராக உள்ள பேங்குகளுக்கும் கடைகளுக்கும் எச்சரிக்கை தெரியும். கேட்பவர் அசல் ஆள்தானா என்று கூடுதலாக விசாரிப்பார்கள். அம்மாவே கடன் கேட்டாலும் கொஞ்சம் தாமதமாகும். இந்த வயதில் அது நஷ்டமில்லை.

அடுத்து கிரெடிட் ரிப்போர்ட், அதாவது அம்மாவின் பெயரில் உள்ள கடன் விவர அறிக்கை. அதைத் தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் (கிரெடிட் பீரோ) வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். இப்போது டிரான்ஸ்யூனியன், நாலு மாதம் கழித்து எக்ஸ்பீரியன் என்று பிரித்து வாங்கினால் வருடம் முழுவதும் ஒரு கண் இருக்கும். அதில் யார் யார் விவரம் கேட்டார்கள் என்று காட்டும் 'என்கொயரி' பகுதியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அம்மா கால் வைக்காத கடையின் பெயர் அங்கே இருந்தால், யாரோ முயற்சி செய்திருக்கிறார்கள். (பீரோக்களும் ஏமாந்தவைதான். 2020இல் வாடிக்கையாளர் வேஷத்தில் வந்த ஒரு ஆளுக்கு எக்ஸ்பீரியனே சுமார் 2 கோடியே 40 லட்சம் பேரின் விவரத்தைக் கொடுத்துவிட்டது.)

பேங்குக்கும் சொல்லி வையுங்கள். அம்மாவின் போனில் திடீரென்று சிக்னல் போய்விட்டால் அது சிம் ஸ்வாப்பாக இருக்கலாம், அதாவது வேறு யாரோ அவருடைய நம்பரைத் தங்கள் சிம்முக்கு மாற்றியிருக்கலாம். வேறு போனிலிருந்து உடனே பேங்கைக் கூப்பிட வேண்டும். மாதாமாதம் காசு வாங்கும் பாதுகாப்புத் திட்டங்களை விற்க வருவார்கள். இலவசமாகக் கிடைப்பதை முதலில் முடியுங்கள்.

இனி ஐடி காப்பி கொடுத்தால், முகத்தையும் எண்ணையும் மறைக்காமல், யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். வீட்டைப் பார்ப்பதற்கே ஐடி கேட்கிற ஏஜெண்டிடம், ஏஜெண்டாகத் தொழில் செய்யத் தேவையான ஃபிடெலிட்டி ஃபண்ட் சர்டிஃபிகேட்டை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

அந்த ஆளோடு நடந்த வாட்ஸாப் பேச்சை அம்மா கோபத்தில் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது அக்கவுண்ட் திறக்கப்பட்டிருந்தால், போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதும்போது அது தேவைப்படும்.