ரோஜா சென்ட்டில் ரோஜா எங்கே?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் அண்ணன் 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி' என்ற விலையுயர்ந்த ரோஜா சென்ட் வாங்கி வந்தார். அடித்தவுடன் ஏதோ பழமும் கிராம்பும் மணக்கிறது. ரோஜா அப்புறம்தான் வருகிறது. சாயங்காலம் சேலையில் ஈரமண்ணும் சாம்பிராணியும் கலந்த வாசனை. "இந்த நேரத்தில் யார் சாம்பிராணி போட்டது?" என்று மாமியாரே கேட்டுவிட்டார். எனக்கோ இரண்டு மணி நேரத்தில் வாசனையே தெரிவதில்லை. இது டூப்ளிகேட்டாக இருக்குமா? மே மாதம் நாத்தனார் கல்யாணத்துக்கு இதை எப்படிப் போட்டுக்கொள்வது?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதலில் பழமும் கிராம்பும், நடுவில் ரோஜா, கடைசியில் பச்சோலியும் சாம்பிராணியும். இந்தச் சென்ட் அப்படித்தான் விரிய வேண்டும். ஃப்ரெடெரிக் மால் என்ற சென்ட் நிறுவனத்துக்காக டொமினிக் ரோபியோன் என்ற சென்ட் கலைஞர் உருவாக்கி 2010இல் வெளிவந்தது இது. துருக்கி ரோஜாவைத் தாராளமாகப் போட்டு, அதற்குச் சமமாகப் பச்சோலியையும் நிறுத்தியிருக்கிறார். ஈரமண் என்று நீங்கள் சொல்வது அந்தப் பச்சோலி இலையின் எண்ணெய். உங்கள் மாமியாரின் மூக்கும் பொய் சொல்லவில்லை. சாம்பிராணி வகைப் பிசின்களின் வாசனை இதில் உண்டு.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், ரோஜா வாசனை என்றால் நமக்குக் கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீர்தான் நினைவுக்கு வரும். பன்னீரின் மணத்துக்கு முக்கியக் காரணம் ஃபினைல் எத்தில் ஆல்கஹால் என்ற ஒரு பொருள். அது தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் இதழ்களை வாலையில் (ஆவியைக் குளிரவைத்து வடிக்கும் பாத்திரத்தில்) காய்ச்சும்போது அதில் பெரும்பகுதி பன்னீரோடு போய்விடும். மேலே மிதக்கிற எண்ணெயில் சிட்ரோனெல்லால், ஜெரானியால் போன்றவைதான் அதிகம். கூடவே டமாசினோன் என்று ஒன்று இருக்கிறது. அளவு ஒரு சதவீதம்கூடத் தேறாது, ஆனால் எண்ணெயின் மணத்தில் அதன் கை மிகப் பெரியது. பழ ஜாமும் தேனும் கலந்த மாதிரி இருக்கும். கிராம்புக்கு மணம் தருகிற யூஜினாலும் ரோஜா எண்ணெயில் கொஞ்சம் இருக்கிறது.

ஆக, நீங்கள் முகர்ந்த பழமும் கிராம்பும் ரோஜாவுக்குள் ஏற்கெனவே இருப்பவைதான். ராஸ்பெர்ரி, பிளாக்கரன்ட் பழ வாசனைகளையும் கிராம்பு, பட்டையையும் சேர்த்து ரோபியோன் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டுகிறார். நம்பிக்கை வரவில்லையென்றால் பூ மார்க்கெட்டில் நாலு பன்னீர் ரோஜா வாங்கி, அவசரப்படாமல் முகர்ந்து பாருங்கள். (பொக்கே கடையில் கிடைக்கும் நீளத்தண்டு ரோஜா வேண்டாம், அதில் பெரும்பாலும் மணமே இருக்காது.) முதல் மூச்சில் பன்னீர் வரும். பொறுத்தால் தேன், பழம், அடியில் ஒரு மெல்லிய காரம். அதன் பிறகு சென்ட்டை மணிக்கட்டில் அடித்துப் பார்த்தால் ரோஜா தொடக்கத்திலிருந்தே இருப்பது பிடிபடும்.

வரிசை ஏன் என்பது எளிது. லேசான மூலக்கூறுகள் முதலில் பறக்கும், கனமானவை தங்கும். ஆல்கஹால் அரை நிமிடத்தில் போய்விடும், பழ வாசனைகள் கால் மணி, அரை மணியில் தணியும், ரோஜா சில மணி நேரம் நிற்கும். பச்சோலியும் கஸ்தூரி வகை வாசனைகளும் தோலில் பல மணி நேரமும் துணியில் நாள்கணக்கிலும் கிடக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை தெரிந்த நமக்கு இதில் ஒரு சுவையான சேதி உண்டு. சென்ட்டுக்குப் பெயர்போன பிரான்சின் கிராஸ் ஊர் முதலில் தோல் பதனிடும் ஊராகத்தான் இருந்தது. தோல் கையுறைகளின் நாற்றம் போக வாசனை ஏற்றப் போய்த்தான் அந்தத் தொழிலே அங்கே வளர்ந்தது.

இரண்டு மணி நேரத்தில் உங்களுக்குத் தெரியாமல் போவதற்கும் சென்ட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மாமியாருக்குச் சாயங்காலம் வரை தெரிகிறதே! தொடர்ந்து கூடவே இருக்கிற வாசனையை மூக்கு பழகி ஒதுக்கிவிடும். வரவில்லையே என்று மேலும் மேலும் அடித்தால் பக்கத்தில் உட்காருபவர்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும். டூப்ளிகேட் சந்தேகம் இன்னும் இருந்தால், பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் புட்டியின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். வேலூர் மே மாத வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் முன்வாசனை சட்டென்று பறந்து, பச்சோலி சீக்கிரமே கனத்துப் போகும். அதனால் காலை முகூர்த்தத்துக்கு இதை எடுக்காதீர்கள் என்பேன். தலையில் மல்லிகை, கையில் சந்தனம், அவ்வளவு போதும். வெறுமனே இருக்க மனம் வரவில்லையென்றால் குலாப் அத்தர் ஒரு சொட்டு வைத்துக்கொள்ளுங்கள். அத்தருக்குப் பெயர்போன உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் ஊரின் பழைய முறையில் ரோஜாவைச் சந்தன எண்ணெயில் இறக்கிச் செய்வது அது. ஆல்கஹால் இல்லாததால் அமைதியாக, உடம்போடு ஒட்டி இருக்கும்.

ரிசப்ஷனுக்கு இந்தச் சென்ட்டைத் தாராளமாகப் போடலாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், குளித்துத் துடைத்த உடம்பில், வாசனையில்லாத கிரீம் லேசாகத் தடவிவிட்டு, முழங்கை மடிப்பில் ஒன்று, பிடரியில் ஒன்று. அன்று தலை நிறையப் பூ வைப்பதாக இருந்தால் பிடரியை விட்டுவிடுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று மோதும். மணிக்கட்டை மணிக்கட்டோடு தேய்க்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு பட்டுச்சேலை கட்டுங்கள். சேலை மேல் அடித்தால் பட்டில் கறை விழலாம், ஜரிகை கறுக்கலாம். முத்து நகை இருந்தால் அதையும் கடைசியில் போடுங்கள்.

புட்டியை மண்டபத்துக்குக் கொண்டுபோய் காரில் விட்டுவிடாதீர்கள். பூட்டிய காரின் சூடு வாசனையைக் கெடுத்துவிடும். அதன் பெட்டியிலேயே போட்டு, வெயில் படாத பீரோவில் வைத்தால் வருஷக்கணக்கில் வரும்.