சம்பா வயல் வரப்பில் கண்ணாடி விரியன்: அறுப்புக்கு முன் என்ன செய்வது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா நிற்கிறது. பத்து நாளில் அறுப்பு. வரப்பில் இரண்டு முறை கண்ணாடி விரியன் கண்ணில் பட்டதால் ஆட்கள் வரத் தயங்குகிறார்கள். பக்கத்து வயல்காரர் சொன்னாரென்று வரப்பு நெடுகக் குருணை மருந்து (குருணை வடிவப் பூச்சிக்கொல்லி) தூவினேன், பலன் இல்லை. போன வாரம் வரப்பில் மேய்ந்த கறவை மாட்டுக்கு முகம் வீங்கி, மூக்கில் ரத்தம் வந்து, மறுநாள் செத்துவிட்டது. பாம்பை விரட்ட என்ன தெளிக்கலாம்? இன்னொரு மாட்டைக் கடித்தால் என்ன செய்வது?

பதில்: தெளித்து விரட்ட மருந்து கிடையாது. பெருங்காயம், பூண்டுக் கரைசல், பினாயில், வாசலில் கட்டும் ஆகாச கருடன் கிழங்கு, சிறியாநங்கைச் செடி என்று ஊருக்கு ஒன்று சொல்வார்கள். எதை நம்பியும் வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. குருணை மருந்து அதைவிட மோசம். நீங்கள் தூவியது போரேட் என்றால், அது 2020 கடைசியோடு தடை செய்யப்பட்ட மருந்து. பாம்பு அதைத் தின்னப்போவதில்லை. வரப்புப் புல்லை மேயும் மாடும், அறுப்பு முடிந்து தாளில் இறங்கும் வாத்தும்தான் தின்னும். அந்த வரப்பில் ஆடு மாடு விடாதீர்கள், அங்கே அறுத்த புல்லையும் போடாதீர்கள்.

மாடு செத்தது அந்த மருந்தாலா என்று உங்களுக்கே சந்தேகம் வரலாம். குருணை நஞ்சு என்றால் எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், கழிச்சல் இருக்கும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும்; முகம் வீங்காது. வீக்கமும் ரத்தக்கசிவும் சேர்ந்து வந்தது விரியன் கடிக்குத்தான் பொருந்துகிறது. மேயும் மாட்டுக்குக் கடி பெரும்பாலும் மூக்கிலும் உதட்டிலும் அல்லது காலிலும்தான் விழும்.

கழியால் தட்டிக்கொண்டே போனால் பாம்பு விலகிவிடும் என்பது சாரைக்கும் நல்ல பாம்புக்கும் சரி. கண்ணாடி விரியன் விலகாது. காய்ந்த சருகு நிறத்தில் சுருண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அப்படியே கிடக்கும். பிரஷர் குக்கர் ஆவி விடுகிற மாதிரி நீளமாகச் சீறினால் நின்ற இடத்தில் நின்று, அது எங்கே என்று பார்த்துவிட்டு, வந்த வழியே பின்வாங்குங்கள். சீறாமலே கடிப்பதும் உண்டு. ஆகவே பாம்பை ஓட்டுவதைவிட, கால் வைக்கும் இடத்தையும் கை விடும் இடத்தையும் மாற்றுவதுதான் பலன் தரும்.

முழங்கால் வரை வரும் கம்பூட் (ரப்பர் பூட்) வாங்குங்கள், ஒரு அளவு பெரியதாக. இந்தப் பாம்பின் நச்சுப்பல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருக்கும். பூட் காலோடு ஒட்டாமல் தளர்வாக இருந்தால் பல் தோலைத் தொடுவது கடினம். சேற்றில் பூட் நடக்கவிடாது, நடவுக்கு அது உதவாது. ஆனால் அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுவீர்கள் அல்லவா, காய்ந்த வயலில் தாராளமாகப் போடலாம். இரவில் மடை பார்க்கவும் மோட்டார் கொட்டகைக்குப் போகவும் பூட்டும் நெற்றியில் மாட்டும் டார்ச்சும் கட்டாயம். கைபேசி வெளிச்சம் போதாது.

அறுவடை இயந்திரம் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்தால், வயலில் உள்ள எலி, பாம்பு எல்லாம் நடுவில் மிஞ்சும் கடைசிப் பட்டைக்குள் சேர்ந்துவிடும். ஆட்கள் நெருங்கி நிற்பதும் அப்போதுதான். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, எதிர்ப்பக்கம் வாய்க்கால் கரையை ஒட்டி முடிக்கச் சொல்லுங்கள். வெளியேற வழி இருக்கும். அந்தக் கரையில் யாரும் நிற்க வேண்டாம். சாய்ந்த பயிரைக் கையால்தான் அறுக்க வேண்டும் என்றால், கருக்கரிவாளை நீட்டுவதற்கு முன் நீளமான கழியால் கதிரைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுப் பிடிக்க வேண்டும். விடியும் முன்பும் இருட்டிய பிறகும் இந்த வேலை வேண்டாம். தரிசு உளுந்து போட்டிருந்தால் அதையும் நினைவில் வையுங்கள்: பங்குனியில் செடியைக் கையால் பிடுங்கும்போது கடி கையில் விழும். தடித்த தோல் கையுறை வேண்டும்.

இரண்டு முறை பார்த்த இடம் வரப்பு என்பதால், வரப்பில் எலி வளை இருக்கும் என்பது என் கணிப்பு. அகலமான வரப்புதான் வயல் எலிக்குப் பிடித்த வீடு. மாலையில் எல்லா வளையையும் மண் போட்டு அடையுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. அங்கே தஞ்சாவூர் கிட்டி என்னும் எலிப்பொறியை வையுங்கள். எலி மிகுதியாக இருந்தால் துத்தநாக பாஸ்பைடு என்ற எலி மருந்து: 49 பங்கு பொரி அல்லது நொய்யில் சிறிது எண்ணெய் பிசிறி 1 பங்கு மருந்து. முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத இரையை வைத்துப் பழக்காவிட்டால் எலி கொஞ்சம் கடித்துப் பார்த்து ஒதுங்கிவிடும். ஈரக்கையால் தொடாதீர்கள், ஈரம் பட்டால் நச்சு வாயு வரும். வாத்துப் பட்டி வரப்போகிற வயலில் இதை வைக்கவே கூடாது. வளையில் கை விடுவதும் கூடாது. எலி குறைந்த மறுநாளே பாம்பு போய்விடாது. அடுத்த போகத்தில்தான் வித்தியாசம் தெரியும். சாரையை அடிக்காதீர்கள், அது இலவச எலி பிடிப்பாளர். சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியனைக் கொல்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் அல்லது கொட்டகைக்குள் வந்தால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். மயிலுக்கும் பன்றிக்கும் கட்டும் பழைய மீன் வலையில் பாம்பு சிக்கி உயிரோடு கிடக்கும், வலையைச் சுருட்டும் முன் பாருங்கள்.

வைக்கோல் கட்டைக் கையால் பிடித்துத் தூக்காமல் கொக்கியால் இழுங்கள். உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்கினால் அடியில் இருப்பது மறுபக்கமாக வெளியேறும். வைக்கோல் போரை வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் ஒட்டிப் போடாமல், கல் வைத்து உயர்த்திப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் நெல்லுக்குக் காவலாகத் தரையில் படுப்பது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தூங்குபவரைக் கடித்தால் வலியோ தடமோ தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, தொண்டைவலி, இமை தொங்குவது என்றால் பாம்புக்கடி என்றே எண்ணி மருத்துவமனைக்கு ஓடுங்கள். கயிற்றுக் கட்டிலில் கொசுவலை கட்டி, அடியைப் பாய்க்குக் கீழே செருகிப் படுங்கள்.

மனிதரைக் கடித்தால்: மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல் கட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் நீங்களாகச் சட்டென்று அவிழ்க்காதீர்கள், மருத்துவர் அவிழ்க்கட்டும். 108ஐ அழையுங்கள், வர நேரமாகும் என்றால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து, நச்சுமுறி ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே ஊசிதான். நஞ்சு ஏறிய அறிகுறி இருந்தால் முதலில் பொதுவாக 10 குப்பி ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது சோதனை, தாமதம் என்று நினைக்காதீர்கள். கண்ணாடி விரியன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் குறைந்தால் உடனே சொல்லுங்கள்.

மாட்டைக் கடித்தால் முதல் வேலை மூக்கணாங்கயிற்றையும் தலைக்கயிற்றையும் அறுத்து எடுப்பது. முகம் வீங்கும்போது அது இறுகி மூச்சை அடைக்கும். நடக்கவிடாமல் நிழலில் நிறுத்தி, கால்நடை அவசர உதவி எண் 1962க்குப் பேசுங்கள். எண்ணெய், மிளகுக் கஷாயம் எதையும் வாயில் புகட்டாதீர்கள். நல்ல பாம்பு கடித்த மாட்டுக்கு விழுங்கும் சக்தி போய்விடும், புகட்டியது நுரையீரலுக்குள் இறங்கும். நச்சுமுறி மருந்தை மருத்துவர் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார். அளவு மாட்டின் எடையைப் பொறுத்ததல்ல, ஏறிய நஞ்சைப் பொறுத்தது. உங்கள் கால்நடை மருந்தகத்தில் இருப்பு இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். மறு நாட்களில் சிறுநீர் சிவந்தால் அதையும் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் அப்படி வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

மற்ற மாடுகளுக்குக் காப்பீடு இருந்தால், இறப்பு நேரும்போது புதைக்கும் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். மாட்டின் காதில் மாட்டிய அடையாள வில்லையைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் இழப்பீடு கேட்பது வீண் அலைச்சல்.