ஜெர்மன் தெரியாமல் ஜெர்மனியில் வேலை கிடைக்குமா?

கேள்வி: சென்னையில் நாலு வருடமாக சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். மனைவி நர்ஸ். இரண்டு பேருக்கும் ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. அங்கே வேலை கிடைக்குமா?

பதில்: உங்களுக்குக் கிடைக்கலாம், மனைவிக்கு இப்போதைக்குக் கஷ்டம்தான். பெர்லின், மியூனிக் பக்கம் ஆங்கிலத்திலேயே வேலை நடக்கும் ஐ.டி. கம்பெனிகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் வேலை உறுதியாகி சம்பளமும் அரசு வைத்திருக்கும் வரம்பைத் தாண்டினால் ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதிக்கு ஜெர்மன் கேட்பதில்லை. கையில் வேலை இல்லையா? அங்கே போய் வேலை தேடுவதற்கென்று 2024 ஜூனில் வந்த 'வாய்ப்பு அட்டை' (Chancenkarte) என்கிற அனுமதியைப் பாருங்கள். மொழிக்கு ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) அல்லது ஆங்கிலம் பி2 (ஓரளவு சரளமாகப் பேசும் நிலை) போதும், படிப்பு, அனுபவம், வயது எல்லாம் சேர்ந்து 6 புள்ளி தேற வேண்டும், ஒரு வருடம் வரை அங்கேயே இருந்து தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். செலவுக்குப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்டியாக வேண்டும், அதுதான் பலருக்கு இடிக்கிறது.

நர்ஸ் வேலை அப்படியில்லை. எங்கே வலிக்கிறது என்று நோயாளி சொல்வது புரிய வேண்டுமே! பெரும்பாலும் பி2 அளவு ஜெர்மன் கேட்கிறார்கள். "மொழியே வேண்டாம், பணத்தைக் கட்டுங்கள்" என்கிற ஏஜென்ட்டை நம்பாமல், உங்கள் மனைவி முதலில் ஜெர்மன் கற்றுத்தரும் மேக்ஸ் முல்லர் பவனில் சேரட்டும். நீங்களும் கூடவே சேருங்கள் சார், ஆபீஸில் ஆங்கிலம் ஓடும், ஆனால் வாடகை ஒப்பந்தமும் வரி அலுவலகக் கடிதமும் ஜெர்மனில்தான் வரும்.