தூதருக்கும் ‘இம்யூனிட்டி’, உடம்புக்கும் ‘இம்யூனிட்டி’: இரண்டும் ஒன்றா?

கேள்வி: நோய் அண்டாமல் இருப்பதையும் இம்யூனிட்டி என்கிறார்கள், வெளிநாட்டுத் தூதரைக் கைது செய்ய முடியாததையும் இம்யூனிட்டி என்கிறார்கள். ஒரே சொல் எப்படி இரண்டு இடத்துக்கும் போனது? உண்மையில் இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

நான் திருநெல்வேலியில் வக்கீல். மோட்டார் விபத்து வழக்குகள்தான் அதிகம், தூதர்களோடு பழக்கம் இல்லை. இந்தக் கேள்வி என்னிடம் வந்தது அம்மா வழியாக. 2016-ல் அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது. ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டர் முடக்குவாதம் என்றார். அம்மா கேட்டாள்: “எதிர்ப்பு சக்தி கம்மியாயிட்டுதோ டாக்டர்?”

“கம்மி இல்லம்மா, ஜாஸ்தி. உங்க மூட்டையே யாரோ வெளியாள்னு நெனச்சு அடிக்குது. அதைக் கொஞ்சம் அடக்கத்தான் இந்த மாத்திரை.”

ஆட்டோவில் ஏறியதும் அம்மா முணுமுணுத்தாள்: “ஊர்ல எல்லாரும் அது வேணும் வேணும்னு அலையுதாங்க, எனக்கு மட்டும் அடக்கணுமாம்லா.” அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் அவ்வப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் யாராவது இதை வாசித்தால் பிழை இருந்தால் திருத்துங்கள்.

முதலில் சொல். லத்தீனில் ‘மூனுஸ்’ என்றால் கடமை, ஊருக்குச் செய்ய வேண்டிய வேலை, சுமை. அந்தச் சுமை இல்லாதவன் ‘இம்மூனிஸ்’. ரோமானியப் பேரரசில் வரிவிலக்கு பெற்ற நகரங்களை இப்படி அழைத்தார்கள். படையில் கொல்லர், எழுத்தர், நில அளவையாளர் என்று தொழில் தெரிந்த சிப்பாய்களுக்குப் பள்ளம் தோண்டுவது போன்ற எடுபிடி வேலை கிடையாது. அவர்களுக்கும் அதே பெயர்தான். சுமையை ஏற்றுக்கொண்டவர்களின் ஊர் ‘முனிசிப்பியம்’. ஆக, நம்ம ஊர் முனிசிபாலிட்டியும் இம்யூனிட்டியும் பங்காளிகள். ஒருத்தன் வரி கேட்கிறவன், இன்னொருத்தன் கட்ட வேண்டியதில்லை என்கிறவன்.

இதற்கு நேரான சொல் நம்மிடமே இருந்திருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட நிலத்தை ‘இறையிலி’ என்று எழுதினார்கள். இறை என்றால் வரி; அது இல்லாதது இறையிலி. லத்தீன்காரன் செய்த அதே வேலை, முன்னொட்டுக்குப் பதில் பின்னொட்டு, அவ்வளவுதான்.

நோய்க்கு இந்தச் சொல் எப்படிப் போனது என்பது நமக்குப் புரியாத விஷயமில்லை. வீட்டில் அம்மை போட்டிருந்தால், முன்பே அம்மை வந்து போனவர்களைத்தான் பக்கத்தில் விடுவார்கள். அவர்கள் ஏற்கெனவே ‘கட்டிவிட்டார்கள்’, மறுபடி கட்ட வேண்டியதில்லை. கி.மு. 430-ல் ஏதென்ஸ் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, அதில் விழுந்து எழுந்த வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் இதையே எழுதி வைத்திருக்கிறார்: பிழைத்தவர்கள்தான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் அது ஒரே ஆளை இரண்டாம் முறை சாகும் அளவுக்குத் தாக்கவில்லை. ஆனாலும் மருத்துவத்தில் இந்தச் சொல் ஊன்றியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதுவரை அது பெரும்பாலும் சட்டத்தின் சொத்து.

அப்புறம்தான் பொருளே திரும்பியது. 1882-ல் இத்தாலியின் மெசினாவில் மெச்னிகாஃப் என்ற ரஷ்யர், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் கூடி மொய்த்திருந்தன. வந்தவனை வளைத்து விழுங்குகிற செல்கள். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விலக்கு என்று இருந்த சொல் சண்டை என்று ஆனது இந்த வழியில்தான். நாம் தமிழில் ‘நோய் எதிர்ப்பு’ என்று எழுதும்போது லத்தீனை மொழிபெயர்க்கவில்லை, மெச்னிகாஃபின் முள்ளை மொழிபெயர்க்கிறோம். இலங்கைத் தமிழில் ‘நிர்ப்பீடனம்’ என்பார்கள், பீடிப்பு இல்லாத நிலை. காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் மூலச்சொல்லுக்கு அதுதான் பக்கம்.

சரி, தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் தூதரின் விலக்கை, கிருமிகளை எதிர்த்து நிற்கும் உடம்போடு ஒப்பிடப் பார்ப்பார்கள். அது ஒட்டாது. தூதர் யாரையும் எதிர்த்து நிற்பதில்லை. போலீஸ்தான் அவர்மேல் கை வைக்காமல் நிற்கிறது. அப்படிப் பார்த்தால் சட்டத்தின் இம்யூனிட்டிக்கு உடம்பில் இணை, நோய் எதிர்ப்பு மண்டலம் செய்யும் சண்டை அல்ல. அந்த மண்டலம் சிலருக்குக் கொடுக்கும் விலக்குதான். உடம்புக்குள் நோய் எதிர்ப்பு மண்டலம்தான் போலீஸ்.

சட்டத்தில் இந்த விலக்கு எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 1961 வியன்னா ஒப்பந்தப்படி தூதரைக் கைது செய்யக்கூடாது, அந்த நாட்டில் குற்ற வழக்கு நடத்தக்கூடாது. ஆனால் அதே ஒப்பந்தம், அவர் உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்கிறது. சொந்த நாட்டின் நீதிமன்றத்திலிருந்து அவருக்கு விலக்கு இல்லை என்கிறது. முக்கியமாக, விலக்கு தூதருடையது அல்ல, அனுப்பிய நாட்டுடையது. நாடு நினைத்தால் எடுத்துவிடலாம். 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் குடித்துவிட்டு கார் ஓட்டி, 16 வயதுப் பெண் இறந்தாள். ஜார்ஜியா விலக்கை விட்டுக்கொடுத்தது, அவர் அமெரிக்கச் சிறைக்குப் போனார். விபத்து வழக்கு நடத்துகிறவன் என்பதால் இது எனக்கு மறக்காது.

நமக்குப் பக்கத்து வழக்கு ஒன்று உண்டு. 2012 பிப்ரவரி 15, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல். ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதில் ‘செயின்ட் ஆண்டனி’ விசைப்படகில் இருந்த இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். அப்போது கோர்ட் கேண்டீனில் வேறு பேச்சே இல்லை. அடுத்த ஆண்டு இன்னும் சூடு ஏறியது. இத்தாலித் தேர்தலில் ஓட்டுப் போட வீரர்கள் போய் வரட்டும் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. திரும்பி வருவார்கள் என்று எழுதிக் கொடுத்தவர் இத்தாலியத் தூதர். போனவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது இத்தாலி. உச்ச நீதிமன்றம் தூதரே நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று உத்தரவு போட்டது. தானாக வந்து கோர்ட்டில் உறுதி கொடுத்தவர் அப்புறம் விலக்கு கேட்கலாமா? சீனியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து காபி ஆறும்வரை அடித்துக்கொண்டார்கள். பதில் வருவதற்குள் வீரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

கடைசியில் சர்வதேசத் தீர்ப்பாயம் 2020-ல் 3க்கு 2 என்ற கணக்கில் சொன்னது: சுட்டவர்கள் அரசின் வேலையைச் செய்த அரசு ஊழியர்கள், எனவே அவர்களுக்கு விலக்கு உண்டு, இந்தியா குற்ற விசாரணை நடத்த முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும். 10 கோடி ரூபாய் வந்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 4 கோடி, படகுக்காரருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கே வழக்கை மூடியது. சுட்டது சரியா என்ற கேள்விக்கு இந்தியாவில் எந்த நீதிபதியும் பதில் சொல்லவில்லை. விலக்கு என்றால் அதுதான்: ‘குற்றம் செய்யவில்லை’ என்று அர்த்தமில்லை, ‘நான் கேட்க முடியாது’ என்று அர்த்தம்.

உள்நாட்டு விலக்குகளும் உண்டு. ஆளுநர் மேல் பதவிக்காலம் முடியும்வரை குற்ற வழக்கு நடத்த முடியாது, அது அரசியல் சாசனத்தின் 361ஆம் பிரிவு. சட்டக் கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்தது 105(2): நாடாளுமன்றத்தில் பேசியதற்கும் வாக்களித்ததற்கும் எந்தக் கோர்ட்டும் உறுப்பினரைக் கேள்வி கேட்கக் கூடாது. 1993-ல் நரசிம்ம ராவ் அரசைக் காப்பாற்ற எம்.பி.க்கள் பணம் வாங்கினார்கள் என்று வழக்கு. 1998-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு. வாங்கிவிட்டு வாக்களிக்கப் போகாதவர் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு மட்டும் விலக்கு இல்லை, ஏனென்றால் பாதுகாக்க அங்கே ‘வாக்கு’ என்று ஒன்று இல்லையே! வாங்கின காசுக்கு வேலை செய்தால் தப்பிக்கலாம் என்று நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்த தீர்ப்பு அது. 2024 மார்ச் 4 அன்று 7 நீதிபதிகள் ஒருமனதாக அதைத் தூக்கியெறிந்தார்கள்.

இப்போது உடம்புக்குள் வாருங்கள். மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. டி-செல்கள் என்ற காவலர்களுக்கு அதுதான் பயிற்சிக் கல்லூரி. சொந்த உடம்பின் புரதங்களைப் பார்த்துப் பாய்கிற செல் அங்கேயே கொல்லப்படும். தப்பி வெளியே வந்துவிடுகிறவற்றை அடக்குவதற்கென்று தனி டி-செல்கள் உண்டு. அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2025 நோபல் மூன்று பேருக்குப் போனது. மற்றபடி, சிவப்பணுக்களைத் தவிர அநேகமாக எல்லாச் செல்லும் தன் மேற்பரப்பில் அடையாள அட்டை மாட்டியிருக்கிறது. அட்டை இல்லாமல் அலைகிற செல்லைத் தீர்த்துக்கட்ட இன்னொரு வகைக் காவலர்.

இந்தக் கெடுபிடிக்குள் அசல் தூதர் ஒருவர் 9 மாதம் தங்குகிறார்: வயிற்றுப் பிள்ளை. அதன் மரபணுவில் பாதி அப்பாவுடையது, அதாவது அம்மாவின் உடம்புக்கு அந்நியம். அப்பாவின் சிறுநீரகத்தை அம்மாவுக்கு வைத்தால் காலம் முழுக்க மாத்திரை வேண்டும். பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம். அம்மாவின் திசுவுக்குள் வேர்விடும் நஞ்சுக்கொடிச் செல்கள் வழக்கமான அட்டைகள் சிலவற்றைக் காட்டாமல், ஹெச்.எல்.ஏ.-ஜி என்ற தனி அட்டை ஒன்றைக் காட்டுகின்றன. காவலர்கள் அதைப் பார்த்து ஒதுங்குகிறார்கள். தூதரக பாஸ்போர்ட் என்று நான் சொன்னால் மிகை என்பீர்களா?

கண்ணும் அப்படி ஒரு தூதரகம். ‘சலுகை பெற்ற இடம்’ என்றே மருத்துவத்தில் அதற்குப் பெயர், சட்டத்திலிருந்து எடுத்த சொல். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, காவலர்கள் சாதாரணமாக உள்ளே வர மாட்டார்கள். அதனால்தான் கண்தானத்தில் சிறுநீரகம்போல் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கண் பலமாகக் குத்துப்பட்டுக் கிழிந்தால், அரிதாக ஒரு விபரீதம் நடக்கும். இதுவரை பார்த்தே இராத கண்ணின் புரதங்களைக் காவலர்கள் முதல் தடவை பார்த்து, அந்நியம் என்று முடிவுகட்டி, அடிபடாத மற்றக் கண்ணையும் போய்த் தாக்குவார்கள். ஒரு தூதரகத்தின் சுவர் இடிந்ததற்கு இன்னொன்றும் பலி.

விலக்கு இருந்தால் கள்ளத்தனமும் இருக்கும். 2020 ஜூலையில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், தூதரக முகவரிக்கு வந்த பார்சலில் 30 கிலோ தங்கம் பிடிபட்டது நினைவிருக்கும். தூதரகப் பையைத் திறக்கக்கூடாது என்ற விதிதான் கடத்தலுக்குக் குடை. புற்றுநோய் செய்வதும் இதுதான். சில கட்டிகள், ‘என்னைத் தொடாதே’ என்று டி-செல்லுக்குச் சொல்லும் பி.டி.எல்.1 புரதத்தை மேலே பூசிக்கொள்கின்றன. இந்த மாதிரித் தடைப் பேச்சுகளைத் துண்டிக்கும் மருந்துகளுக்கு வழி திறந்ததற்குத்தான் ஆலிசன், ஹோஞ்சோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு 2018 நோபல். பக்க விளைவு என்ன தெரியுமா? விலக்கை ரத்து செய்தால் எல்லோருக்கும் ரத்தாகிறது. தைராய்டு, குடல் என்று ஒன்றும் செய்யாதவர்களையும் காவலர்கள் பிடித்து அடிக்கிறார்கள்.

அம்மாவுக்கு நடப்பது கிட்டத்தட்ட அதுதான், மருந்து இல்லாமலே. மூட்டுக்கு இருந்த விலக்கு எப்படியோ போய்விட்டது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் தினசரி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் எல்லாம் நானே வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது டம்ளரைப் பிடிக்கிறாள், பூவும் கட்டுகிறாள்.

2020-ல் ஊரடங்கு தளர்ந்த சமயம் சித்தப்பா ஒரு பெரிய டப்பாவோடு வந்தார், யாரோ விற்ற இம்யூனிட்டி பவுடர். “மதினி, காலைல வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன். எதிர்ப்பு சக்தி சும்மா பிச்சுக்கிட்டு ஏறும்.”

“இருக்கதையே வாராவாரம் மாத்திரை போட்டு அடக்கிட்டு இருக்கேன் தம்பி, நீ வேற கிளப்பி விடாத” என்றாள் அம்மா. டப்பா இரண்டு மாதம் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. கடைசியில் எறும்பு வந்துவிட்டது.