அந்த ஒரு விசில்

விளையாட்டு: வாசகர் கேள்வி பதில்

(பதில் எழுதுபவர் கிருஷ்ணகிரியில் முப்பத்தோரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கபடி நடுவர்.)

போன இதழில் ரக்பியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நடுவர்களைப் பற்றித்தான். இந்த முறை முழுக்க அதுவே.

ஓசூரிலிருந்து ஒரு தொழிற்சாலை ஊழியர்: 2023 ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை. தென்னாப்பிரிக்கா கேப்டன் சியா கோலிசிக்கு மட்டும் மஞ்சளோடு விட்டுவிட்டார்கள். இரண்டுமே தலையில் பட்டதுதானே? நடுவர்தான் நியூசிலாந்தைத் தோற்கடித்தார் என்று என் அறை நண்பர் இன்னும் சண்டை போடுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சார்?

அந்த ஆட்டத்தைத் தூங்காமல் பார்த்தவன் நான். மகள் குடும்பம் ஆக்லாந்தில் இருக்கிறது. இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை, அங்கே ஞாயிறு காலை எட்டு மணி. பேரன் நியூசிலாந்து அணியின் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வீடியோ காலில் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் சிவப்பாக மாறியதும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். எனக்குத் திரை இருட்டாகிவிட்டது, அவர்கள் வீட்டு டிவி சத்தம் மட்டும் கேட்டது. உங்கள் நண்பருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது தம்பி.

நடுவர் வெய்ன் பார்ன்ஸ் முதலில் காட்டியது மஞ்சள்தான். பத்து நிமிடம் வெளியே. அதற்குள் வீடியோ பார்க்கும் அதிகாரி எட்டு நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டும். தலையில் பட்டதா, தவறு யாருடையது, அடியில் எவ்வளவு ஆபத்து, அதைக் குறைத்துப் பார்க்கக் காரணம் ஏதாவது உண்டா என்று வரிசையாகப் போவார்கள். கேன் குனியவே இல்லை. நிமிர்ந்த உடம்போடு ஜெஸ்ஸி கிரீலின் தலையில் இடித்தார். கோலிசியின் தலை ஆர்டி சவேயாவின் தலையில் மோதியது. அதில் ஆபத்து குறைவு என்று மதிப்பிட்டார்கள். என் கணக்கில் கேனுக்கு வந்த சிவப்பு சரி. கோலிசிக்கும் சிவப்பு வந்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

உங்கள் நண்பர் பக்கம் உண்மையான நியாயம் வேறொரு இடத்தில் இருக்கிறது. இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் போட்ட டிரையை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் டிரை) ரத்து செய்தார்கள். அதற்கு முன்னால் லைன்அவுட்டில் (வெளியே போன பந்தைத் திரும்ப உள்ளே எறியும் இடம்) பந்து கை தட்டி முன்னால் விழுந்தது என்பது காரணம். விழுந்தது உண்மைதான். ஆனால் அந்த மாதிரித் தவறுக்கு வீடியோ நடுவர் இரண்டு கட்டம்தான் (ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவே நடப்பது ஒரு கட்டம்) பின்னால் போகலாம் என்பது அப்போதைய விதி. இவர்கள் அதையும் தாண்டிப் போய்விட்டார்கள். சரியான முடிவுதான், ஆனால் அதை எடுக்க அவர்களுக்கு அந்த இடத்தில் அதிகாரம் இல்லை. நடுவராக இருந்தவனுக்கு இதைவிட உறுத்தலான விஷயம் கிடையாது.

சரி, அப்புறம் என்ன நடந்தது? கொஞ்ச நேரத்தில் நியூசிலாந்தின் போடன் பாரெட் டிரை போட்டார். அதற்கான கூடுதல் உதையை மொவுங்கா தவறவிட்டார். அது இரண்டு புள்ளி. கடைசிப் பகுதியில் தூரத்திலிருந்து ஜோர்டி பாரெட் அடித்த பெனால்டியும் உள்ளே போகவில்லை. அது மூன்று புள்ளி. முடிவு 12-11, தென்னாப்பிரிக்காவுக்கு. இந்த இரண்டில் ஒன்று போயிருந்தாலும் கோப்பை ஆக்லாந்துக்குத்தான். பேரனிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

இன்னொன்றையும் நண்பரிடம் சொல்லுங்கள். அதுதான் பார்ன்ஸின் கடைசி ஆட்டம். 111 சர்வதேச ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவர். அவர் குடும்பத்துக்கே மிரட்டல் போனது. வீடியோ நடுவராக இருந்த டாம் ஃபோலி, வசவு தாங்காமல் சர்வதேச ஆட்டங்களிலிருந்தே ஒதுங்கிக்கொண்டார். முடிவைப் பற்றி விடிய விடியப் பேசுங்கள், தப்பில்லை. ஒருவர் வீட்டுக்குள் போய்ப் பேசுவது மன்னிக்க முடியாதது.

பாலக்கோட்டிலிருந்து கல்லூரி மாணவர்: ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாது என்கிறார்கள். டிவியில் பார்த்தால் பல பாஸ் முன்னால்தான் போகிறது. நடுவருக்குக் கண் தெரியாதா?

ஓடுகிற பஸ் ஜன்னலிலிருந்து ஒரு மாங்கொட்டையை மெதுவாகப் பின்பக்கம் எறிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் நிற்பவர் கண்ணுக்கு அதுவும் பஸ் போகிற பக்கமே கொஞ்ச தூரம் போய்த்தான் விழும். ஓடுகிற ஆட்டக்காரர் எறியும் பந்தும் அப்படித்தான். அதனால் நடுவர் பந்தைவிடக் கையைப் பார்ப்பார். கை பின்னால் எறிந்ததா என்பதுதான் கேள்வி.

அதற்காக எல்லாம் சரி என்று சொல்லவில்லை. 2007 உலகக் கோப்பை காலிறுதி, கார்டிஃபில், பிரான்ஸ் 20, நியூசிலாந்து 18. வெற்றி டிரைக்கு முன்னால் பிரான்ஸின் மிஷலாக்குக்குப் போன பாஸ் எப்படிப் பார்த்தாலும் முன்னால் போனதுதான். நடுவர் தவறவிட்டார். அப்போது 28 வயது அவருக்கு. அவரும் இதே வெய்ன் பார்ன்ஸ்தான்.

தர்மபுரியிலிருந்து ஒரு வாசகர்: தோற்ற தேசிய அணியைத் திரும்பக் கட்டுவது என்றால் பழைய ஆட்களையெல்லாம் அனுப்பிவிட வேண்டுமா?

அந்த 2007 தோல்விக்குப் பிறகு நியூசிலாந்து என்ன செய்தது என்று பாருங்கள். ஊரே பார்ன்ஸைத் திட்டியது. பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியை மாற்றச் சொல்லி ஒரே சத்தம். மாற்றவில்லை. கேப்டன் ரிச்சி மெக்காவும் அவரேதான். பாதி ஆட்டத்தில் 13-3 என்று முன்னால் இருந்த அணி எப்படிக் கோட்டைவிட்டது, கடைசி நிமிடங்களில் இரண்டே புள்ளி பின்னால் இருந்தபோது ஒரு டிராப் கோலுக்கு (பந்தைத் தரையில் துள்ளவிட்டுக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, மூன்று புள்ளி) ஏன் ஒழுங்காகத் திட்டமிடவில்லை என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். 2011இல் அதே ஹென்றி, அதே மெக்கா, இறுதி ஆட்டத்தில் அதே பிரான்ஸ். 8-7 என்று ஜெயித்தார்கள்.

தென்னாப்பிரிக்கா போன வழி வேறு. 2015இல் ஜப்பானிடம் 34-32, 2016இல் இத்தாலியிடம் 20-18, 2017இல் நியூசிலாந்திடம் 57-0 என்று வரிசையாக அடி. 2018இல் ராசி எராஸ்மஸ் பயிற்சியாளராக வந்தார். கோலிசியைக் கேப்டனாக்கினார், அந்த அணிக்கு முதல் கறுப்பினக் கேப்டன். எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க நேரமில்லை என்று அவருக்குத் தெரியும். ஸ்க்ரம் (இரண்டு அணியும் தோளோடு தோள் சேர்ந்து தள்ளுவது), உயர உதைத்த பந்து, தடுப்பு ஆட்டம் என்று கைவசம் இருந்த பலத்தைத் தீட்டினார். மாற்று ஆட்டக்காரர் எட்டுப் பேரில் ஆறு பேரை ஸ்க்ரம் தள்ளுகிறவர்களாகவே வைத்தார். ஒன்றரை வருடத்தில், 2019 உலகக் கோப்பை இறுதியில், யோகஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள்.

அதே எராஸ்மஸ் 2021இல், பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து அனுப்பும் லயன்ஸ் அணியிடம் முதல் டெஸ்ட் தோற்றதும், நடுவர் நிக் பெரியின் தவறுகளை அடுக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வீடியோ வெளியிட்டார். இரண்டு மாதம் ரக்பிப் பக்கமே வரக் கூடாது என்று தடை வந்தது. எனக்கு மிகவும் பிடித்த பயிற்சியாளர். அந்த வீடியோவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

காவேரிப்பட்டணத்திலிருந்து மாம்பழ வியாபாரி: நடுவரைத் திட்டாமல் எப்படி சார் ஆட்டம் பார்ப்பது? நீங்களும் கபடிக்கு விசில் ஊதியவர்தானே, தப்புப் பண்ணியதே இல்லையா?

பண்ணியிருக்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் இரவுப் போட்டி, இறுதி ஆட்டம். மண் களம், சுண்ணாம்புக் கோடு, ட்யூப் லைட்டைச் சுற்றி ஒரே பூச்சி. கடைசி ரெய்டு. பாடிப் போன பையன் ஓரமாகச் சுற்றி வந்தபோது, யாரையும் தொடாமலேயே அவன் கால் களத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் போய்விட்டது. தொடாமல் லாபியில் கால் வைத்தால் அவுட். அந்த இடத்தில் கோடு கலைந்து கிடந்தது, எனக்குத் தெரியவில்லை. அவுட் இல்லை என்றேன். ஒரு பாயிண்ட்டில் ஆட்டம் முடிந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் ஒரு பையன் செல்ஃபோனில் எடுத்ததைக் காட்டினான். குதிகால் முழுசாக உள்ளே. டீயை அப்படியே வைத்துவிட்டு, தோற்ற அணியின் கேப்டன் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். "தம்பி, நேற்று நான் கொடுத்தது தப்பு" என்றேன். அவன் கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தான். "தெரியும் சார், ராத்திரியே பார்த்துட்டோம். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஆல் அவுட் ஆனோமே, அது யார் தப்பு?" என்றான். அடுத்த வருடம் அந்தக் கோப்பை அவர்களுக்குத்தான்.

ரக்பியில் நடுவரிடம் பேசுவது கேப்டன் வேலை. மற்றவர்கள் சூழ்ந்து நின்று கத்த முடியாது, கத்தினால் பெனால்டி. நடுவர் காலரில் மைக் இருக்கிறது. ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதை டிவி பார்க்கிறவரும் கேட்கலாம். நம் ஊர்க் கபடிக்கு இந்த இரண்டும் வந்தால் பாதிச் சண்டை குறையும். களத்துக்கு வெளியே நின்று திட்டுவதைப் பற்றி, அண்ணே, அந்த டீக்கடைக் காலை ஞாபகம் வரும்போதெல்லாம் எனக்குத் திட்ட வாய் வருவதில்லை.

ஊத்தங்கரையிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி: இந்தியா ரக்பி உலகக் கோப்பைக்குப் போகுமா? எங்கள் பள்ளியில் கபடி மட்டும்தான் இருக்கிறது. நான் என்ன செய்வது?

ஆண்கள் உலகக் கோப்பைக்கு நாம் இதுவரை போனதில்லை பாப்பா, பெண்கள் கோப்பைக்கும் இல்லை. ஆனால் 2019 ஜூனில் மணிலாவில் நம் பெண்கள் சிங்கப்பூரை 21-19 என்று ஜெயித்தார்கள். பதினைந்து பேர் ஆட்டத்தில் அதுதான் அவர்களுக்கு முதல் வெற்றி. 2025இல் மும்பையில் ஏழு பேர் ஆட்டத்துக்கு ஆறு அணிகளோடு ஒரு லீக் நடந்தது, கோப்பை சென்னை அணிக்கு. ஏழு பேர் ஆட்டம் 2016இலிருந்து ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. நமக்கு வழி அதில்தான் என்று நான் நம்புகிறேன். பாதிக்கு ஏழு நிமிடம், வேகம், மூச்சு. இவை கபடிப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

இந்த இதழின் முதல் கேள்வியை இன்னொரு தடவை படி. கேன் குனியாததால்தான் அந்தச் சிவப்பு அட்டை. நீ தினமும் பழகுவது என்ன? குனிந்து கணுக்காலைப் பிடிப்பது, தொடையைப் பிடிப்பது. ரக்பியிலும் பந்து வைத்திருப்பவரைத் தோளுக்குக் கீழே, கையால் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். மேலே பாய்ந்து பழகியவர்களுக்குக் குனியச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கல்லும் சரளையுமான மைதானத்தில் டேக்கிள் (ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுவது) வேண்டாம். முதலில் தொட்டாலே போதும் என்கிற டச் ரக்பி ஆடுங்கள், பந்தைப் பின்னால் கொடுத்துப் பழக அது போதும். போன லீவுக்குப் பேரன் கொண்டு வந்த பந்து ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்த இதழ் அலுவலகத்தில் கொடுத்து வைக்கிறேன். உங்கள் பி.இ.டி. டீச்சரோடு வந்து வாங்கிக்கொள். கொஞ்சம் காற்று குறைவாக இருக்கும், சைக்கிள் கடையில் ஊசி வைத்து அடித்துக்கொள்ளலாம்.