பால்கனில ஹைட்ரோபோனிக்ஸ்: கிட் வாங்கவா, நானே செய்யவா?

கேள்வி: சென்னை ஃபிளாட் பால்கனில மண்ணில்லாம கீரை வளர்க்க ஆசை. ரெடிமேட் கிட் வாங்கவா, இல்ல நானே செஞ்சுக்கவா? - ஒரு வாசகி

பதில்: எடுத்த எடுப்புலயே பைப்பு, மோட்டார்னு காசைப் போடாதீங்கம்மா. மூடியோட ஒரு 10 லிட்டர் வாளி எடுத்து, மூடில ஓட்டை போட்டு நெட் பாட்டை (செடி வைக்கிற, ஓட்டை ஓட்டையா இருக்கற சின்னத் தொட்டி) சொருகி, அதோட அடிய தொடுற அளவுக்கு உரக் கரைசல ஊத்துங்க, அவ்ளோதான், இதுக்குப் பேரு கிராட்கி முறை, கரன்ட்டே வேணாம், தண்ணி இறங்க இறங்க மேல இருக்கற வேர் காத்துல மூச்சு விடும், அதனால திரும்பவும் முழுசா நிரப்பிடாதீங்க. வெளிச்சம் உள்ள போனா பாசி புடிக்கும். என் முதல் வாளி வெள்ளை, கொஞ்ச நாள்லயே உள்ள பச்சைக் குழம்பு! கறுப்பு பெயிண்ட் அடிச்சு, வெயில்ல சூடாகாம இருக்க மேல வெள்ளை அடிங்க. போர் தண்ணி உப்பா இருந்தா ஆர்ஓ தண்ணி எடுத்துக்கங்க, கரைசலோட பிஹெச் (அமில-காரத் தன்மையோட அளவு) 5.5-லேர்ந்து 6.5 வரை இருக்கணும். ரெண்டு தடவை அறுத்தப்புறம் 30 செடி வேணும்னு தோணுச்சுன்னா அப்ப கிட் வாங்குங்க. மூடில மட்டும் இடுக்கு விடாதீங்க, கொசு முட்டை போட்டுரும்.